பச்சை விளக்கை அணைத்த மகான்

மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. ஆளுக்கொரு கணினிப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார்கள். பல் டாக்டர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்... படித்தவர்களுக்குக் குறைவே இல்லை!

மேலே வீற்றிருந்தவர் மின்னடிகளார். கணினியின் வயிற்றைத் திறந்து புதுப் பாகம் பொருத்துமுன், உள்ளே குடியிருக்கும் 'மின்னுயிரை' உறங்க வைப்பார். கட்டணம் கிடையாது, காணிக்கைதான். பெயரை மாற்றினால் பணம் போவது வலிக்காதல்லவா?

வரிசையில் நின்ற போட்டோக்காரர் பயந்துபோயிருந்தார். போன மாதம் கம்பளிச் சட்டையோடு பெட்டிக்குள் கைவிட்டார், விரலில் சுருக்கென்றது, வேகத்துக்காகப் பொருத்தப்போன புது மெமரிப் பட்டை செத்தது. இப்போது இன்னொன்று வாங்கியிருந்தார். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நானூறு பேரின் படமும் நாளைக் காலையில் கொடுத்தாக வேண்டும். பெட்டியோ ஒரு படத்தைத் திறப்பதற்குள் நாலு கொட்டாவி விட்டது.

கூட வந்தவள் அவருடைய மச்சினி, லிஃப்ட் மெக்கானிக். பெட்டி தூக்கத்தான் வந்தாள். வாயைப் பூட்டிக்கொண்டு வரவில்லை.

முறை வந்தது. மின்னடிகளார் பக்கத் தகட்டைக் கழற்றி, ஒயரைச் செருகிப் பிடுங்கினார். உள்ளே குட்டிப் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"பார்த்தீங்களா! கரண்டே இல்ல, ஆனா உயிர் இருக்கு!"

கண்ணை மூடி, "மிம் மிம் மின்மின்" என்றார். பத்து எண்ணுவதற்குள் விளக்கு மங்கி அணைந்தது. கைதட்டல் கூரையைத் தொட்டது. போட்டோக்காரருக்கு மெய் சிலிர்த்தது.

"ஐயா, ஒரு சந்தேகம்," என்றாள் மச்சினி.

"சந்தேகப்பட்டா உயிர் முழிச்சுக்கும்மா!"

"முழிக்கட்டுமே, நீங்கதான் இருக்கீங்களே. ஒயரைச் செருகியே வைக்கிறேன். இப்ப அணைங்க பார்ப்போம்."

"ஒயர் இருந்தா மந்திரம் ஏறாது."

"அப்போ உங்க உயிரு ஒயர்லதானே இருக்கு?"

முதலில் சிரித்தவர் பல் டாக்டர். பிறகு மொத்தக் கூட்டமும், "சொல்லுங்க சாமி, சொல்லுங்க!" என்று கத்தியது. மச்சினி ஒயரைச் செருகினாள், விளக்கு மறுபடி எரிந்தது. அடிகளார் சொன்னார். உரக்கச் சொன்னார். தொண்டை கட்டியது. விளக்கு கண்கூடச் சிமிட்டவில்லை.

"ஏழு நிமிஷம்!" என்று கடிகாரம் பார்த்து அறிவித்தார் கணக்கு வாத்தியார்.

"இப்ப நீங்க வாயை மூடுங்க. மாமா, ஒயரைப் பிடுங்கிட்டு பவர் பட்டனை அமுக்கிப் பிடிங்க."

அமுக்கினார். பொசுக்கென்று அணைந்தது.

"உள்ள தேங்கின மிச்சக் கரண்டு, மாமா. தானாவே வடியும், பட்டனை அமுக்கினா சட்டுனு வடியும். இப்ப பெட்டியோட பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொடுங்க. அன்னிக்கு சுருக்குன்னது உங்க கம்பளி உரசி உடம்புல ஏறின மின்சாரம். தொட்டா இறங்கிடும். ஒரு கையை அதுலயே வச்சுக்கிட்டு மெமரியைப் போடுங்க."

'டிக்' என்று உட்கார்ந்தது. மூடி, அங்கிருந்த திரையோடு இணைத்து, ஒயரைச் செருகினார்கள். நானூறு பிள்ளைகளும் படபடவென்று திரையில் சிரித்தார்கள். போட்டோக்காரர் பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். படியெல்லாம் ஆளாளுக்குப் பட்டனை அமுக்கிப் பார்க்கும் சத்தம்!

அந்தக் கும்மாளத்தில் அடிகளார் மச்சினியின் காதருகே குனிந்தார்.

"தங்கச்சி... எங்க வீட்டுப் பெட்டியும் மெதுவாத்தான் ஓடுது. நானே திறக்கலாமா? ஒண்ணும் ஆகாதுல்ல?"

கணினிக்கு மெமரி கடையில் கிடைக்கிறது, வாசகரே. மூளை கிடைக்காது. பிறக்கும்போதே தலைக்குள் பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு தடவையாவது அதை ஓடவிட்டுப் பாருங்களேன்!