நானே ஊட்ல செஞ்சிடுவேன்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. கைவினைக் கண்காட்சி எங்கே நடந்தாலும் முதல் ஆளாக வந்து, எல்லாப் பொருளையும் புரட்டிப் பார்த்து, நாலு கோணத்தில் படம் எடுத்து, செய்முறையை ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு, வெறுங்கையோடு கிளம்பும்போது ஒன்று சொல்வார்கள்: "இத நானே ஊட்ல செஞ்சிடுவேன்." பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?

எங்கள் நெமிலிச்சேரித் தெருவில் அது லோகநாயகி. அவர் வீட்டில் காலி பாட்டில் குப்பைக்குப் போனதில்லை. அது வருங்காலப் பூச்சாடி. ஐஸ்குச்சி வருங்கால விளக்கு. பழைய சிடி வருங்காலச் சுவர்க்கடிகாரம். எதுவும் நிகழ்காலத்துக்கு வந்து சேரவில்லை. மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை.

இந்த நிலையில் மகள் ஷோபனாவுக்கு நிச்சயதார்த்தம். எதிர்வீட்டு அங்கம்மாவுக்குச் சீர்த்தட்டு அலங்காரம்தான் தொழில். பூந்தமல்லியிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள்.

"யம்மா, அங்கம்மா அக்காகிட்டயே சொல்லிடலாம்மா. மாப்ள ஊட்டுக்காரங்க முன்னாடி மானம் போயிடப்போவுது," என்று ஷோபனா கெஞ்சினாள்.

"நாலு சமிக்கி ஒட்றதுக்கு ஆளு வேணுமா? நானே ஊட்ல செஞ்சிடுவேன்," என்றார் லோகநாயகி, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படியாக. அங்கம்மாவுக்குச் சுருக்கென்றது.

பதினோரு தட்டு. ஒரு வாரம் ஓட்டல் சோறு. கணவர் மனோகரனின் வேட்டியெல்லாம் ஜிகினா, சாம்பாரில்கூட ஒரு முத்து. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: தட்டுகள் நன்றாகவே வந்திருந்தன. தெருவே அசந்துவிட்டது.

தட்டு மாற்றும் நேரம். மாப்பிள்ளையின் அம்மா கன்னியம்மாள் தட்டை வாங்கினார், திருப்பிப் பார்த்தார், ஓரத்து முத்தை நகத்தால் சுரண்டினார். ஒரு பாராட்டுக்காக லோகநாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சம்பந்தி, இதுக்கா இவ்ளோ பாடு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஊட்ல செஞ்சிகினு வந்திருப்பேனே!"

லோகநாயகியின் முகம் சுண்டிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. இரண்டாம் வரிசையில் அங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மறுநாள் காலையிலேயே லோகநாயகி எதிர்வீட்டுக்குப் போய், கல்யாணத் தட்டுகளுக்குச் சொல்லிவிட்டு வந்தார். பாட்டில்கள் மட்டும் இன்னும் மாடிப்படியில்தான் இருக்கின்றன.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போது எங்கேயாவது, 'இவ்வளவுதானா? இதை நானே வீட்டில் உட்கார்ந்து எழுதியிருப்பேனே' என்று தோன்றியதா? தோன்றியிருந்தால், எழுந்துபோய் உங்கள் பரணில் எத்தனை பாட்டில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.