காராமணிப் பந்தலுக்குள் ஒரு தூக்கம்

தில்லை நகர் டாக்டர் என் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "தினம் காலையில ஒரு மணி நேரம் உடம்பு வேர்க்கணும்" என்றார். என்னிடம் சொல்லியிருந்தால் பரவாயில்லை. என் மனைவி பெலிண்டாவிடம் சொன்னார். இருபத்தாறு வருஷமாக எல்லாவற்றையும் அவளுக்கு விட்டுக்கொடுத்தவன் நான். விடிகாலைத் தூக்கத்தை மட்டும் உயிர் போனாலும் விடுவதில்லை என்று அன்றே சபதம் எடுத்தேன்.

"நாளைலேர்ந்து காவிரிப் பாலம் தாண்டி மாம்பழச்சாலை வரைக்கும் நடக்கிறோம்" என்றாள்.

"சும்மா நடந்து என்ன பிரயோஜனம்? நான் மொட்டை மாடியில காராமணி போடப் போறேன். வேர்வைக்கு வேர்வை, காய்க்குக் காய்."

"நீங்களா?"

"ஏன், விக்டர்னா அவ்வளவு இளக்காரமா?"

"சரிங்க. அஞ்சரைக்கு மாடியில இருக்கணும். இல்லேன்னா பாலம்தான்."

விதைக் கடைக்காரர், "பயறுக்கு யூரியா போட்டுடாதீங்க சார். இலையாத் தள்ளும், காய் பிடிக்காது" என்று எச்சரித்தார். எனக்குப் புல்லரித்துவிட்டது. எனக்கு வேண்டியதே இலைதானே! யூரியாவை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஒன்றரை மாதம் நிஜமாகவே உழைத்தேன். என் முதுகைக் கேட்டால் சொல்லும். கொடி கயிறு பிடித்து ஏறி, நாலு பக்கமும் பச்சைச் சுவராக நின்றது. உள்ளே ஒரு மடக்குக் கட்டில். அஞ்சரைக்கு இருட்டில் தடவிக்கொண்டு போய்ப் படுப்பேன். ஆறரைக்கு எழுந்து, குழாயில் முகத்தை நனைத்துக்கொண்டு, மூச்சு வாங்க இறங்கி வருவேன்.

"ஏங்க, இன்னும் ஒரு காய்கூடக் காணோமே?"

"மண்ணு சரியில்ல."

"சுகரும் இறங்கலையே?"

"அதுக்கும் மண்ணுதான் காரணம்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த வாரம் தினமும் டிபன் பாக்ஸில் கீரை. ஒருநாள் பொரியல், ஒருநாள் கூட்டு.

"என்ன கீரை பெலிண்டா? பிரமாதமா இருக்கு!"

"பிடிச்சிருக்கா? நாளைக்கு இன்னும் கொஞ்சம் வைக்கிறேன்."

சனிக்கிழமை காலை. முகத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. கண்ணைத் திறந்தேன். சுற்றிலும் மொட்டைத் தண்டும் கயிறும்தான் இருந்தன. பக்கத்து மாடியில் பரக்கத் அலி பாய் புறாவுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன விக்டர் சார், ஒரு மாசமா குறட்டைச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்!"

மாடிப்படியில் பெலிண்டா. கையில் என் ஷூ.

"இலையெல்லாம் எங்கடி?" என்று அலறினேன்.

"பாய் வீட்டு மஜீதாக்கா போன வாரமே குறட்டையப் பத்திச் சொல்லிட்டாங்க. சரி, காய்தான் இல்ல, கொழுந்தாவது கீரைக்கு ஆகட்டுமேன்னு தினம் சாயங்காலம் வெளிப்பக்கமாப் பறிச்சேன். உள்பக்கம் நேத்து ராத்திரி மசியலோட தீர்ந்துபோச்சு. கிளம்புங்க."

ஷூவை மாட்டிக்கொண்டேன். ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடத்தையும் பூண்டு தட்டிப் போட்டு அவள் சமைக்க, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்றவன், யாரிடம் போய் நியாயம் கேட்பது?