எச்-இன்டெக்ஸ் சித்தரும் ஆர். லட்சுமியும்

திருமுல்லைவாயிலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழ்த்தளத்தில் தொடங்கி மூன்றாவது மாடி வரைக்கும் படிக்குப் படி செருப்புகள் கிடந்தன. எல்லாம் முனைவர் பட்டம் வாங்கிய செருப்புகள். குறி கேட்கவும் பேய் ஓட்டவும் படிக்காத ஜனங்கள்தான் போவார்கள் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அவரை இந்தப் படிக்கட்டில் ஒருமுறை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். வேதியியல் முனைவர் இயற்பியல் முனைவரின் காலை மிதித்துக்கொண்டு நின்றார். தோளில் லேப்டாப் பை, கையில் எலுமிச்சம்பழம்.

மேலே அருள்பாலித்துக்கொண்டிருந்தவர் எச்-இன்டெக்ஸ் சித்தர் உத்தமன். முன்பு ஷேர் ஆட்டோக்களுக்கு ராசியான பெயர் வைத்துக்கொண்டிருந்தவர். ஆட்டோக்காரர்கள் விவரமாகிவிட்டதால் பேராசிரியர்கள் பக்கம் வந்துவிட்டார்.

எச்-இன்டெக்ஸ் என்றால் புதுக் காய்ச்சல் என்று பயந்துவிட வேண்டாம். இணையத்தில் ஒரு கணக்குப் பக்கம் இருக்கிறது. நீங்கள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் எடுத்துச் சொன்னால் அது ஒரு சைட்டேஷன். உங்களுடைய பத்துக் கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் பத்துப் பேராவது எடுத்துச் சொல்லியிருந்தால் உங்கள் எச்-இன்டெக்ஸ் பத்து. செய்த ஆராய்ச்சி யாருக்காவது பயன்பட்டதா என்று பார்க்க யாரோ நல்ல எண்ணத்தில் செய்து வைத்த ஏற்பாடு. நம்மவர்கள் அதை ஜாதகமாக்கிவிட்டார்கள்.

வரிசையின் நடுவில் பஞ்சவர்ணம் நின்றுகொண்டிருந்தாள். ஆவடிக்கு அந்தப் பக்கம், வெள்ளானூரை ஒட்டிய ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கட்டடவியல் சொல்லிக்கொடுப்பவள். அவளுடைய எச்-இன்டெக்ஸ் இரண்டு. கல்லூரிக்குத் தர ஆய்வுக் குழு வரப்போகிறது. பத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு அடுத்த பருவத்தில் வேலை இல்லை என்று முதல்வர் கங்காதரன் பலகையில் ஒட்டிவிட்டார். கணவன் கௌதமை ஐ.டி. கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிறகு, அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில். சாமியார் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் மூன்று மாடி ஏறி வந்ததற்கு அதுதான் காரணம். வந்ததற்காகத் தன் மீதே அவளுக்குக் கோபமாக இருந்தது.

அழைத்து வந்தவர் இயந்திரவியல் தசரதன். "நம்புங்க மேடம். போன மாசம் எனக்கு மூணு. இப்ப நாப்பத்தி நாலு. சாமி கை வச்சா பக்கமே பேசுது," என்றார்.

அவர் இப்போது தசரதன் இல்லை, கே. குமார். சித்தர் மாற்றிவிட்டார். முதல்வர் கங்காதரனும் இப்போது ஜி. ரவி. கல்லூரியில் ஐந்து குமார், நான்கு தேவி, மூன்று ரவி ஆகிவிட்டார்கள். வராந்தாவில் நின்று "குமார் சார்" என்று கூப்பிட்டால் ஒரு துறையே திரும்பிப் பார்த்தது.

பஞ்சவர்ணத்தின் முறை வந்தது. உத்தமன் கண்ணை மூடிக்கொண்டு விரலை மடக்கி எண்ணினார்.

"எஸ். பஞ்சவர்ணம். கூட்டுனா எட்டு வருது. சனி குந்திகினு கீறான். இந்தப் பேர வச்சிகினு இன்னாம்மா பண்ண முடியும்? எஸ். ராணின்னு மாத்திக்க. ராணி மாரி இருப்ப."

"ராணி எப்படி சாமி ஏத்தும்?"

"அதிர்வும்மா. அந்தப் பேர்ல அதிர்வு கீது."

லேப்டாப்புக்கு முன்னால் விளக்கு ஏற்றினார். திரைக்குக் குங்குமம் வைத்தார். மேசைக்கடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கினார். பிறகு தட்டு நிறைய சாம்பிராணி போட்டுப் புகை கிளப்பினார், கொசு மருந்து அடிக்கிறவர் தோற்றுப்போவார். பக்தர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பஞ்சவர்ணத்துக்கு மட்டும் இருமல் வந்து தலை மேசை வரைக்கும் குனிந்தது. புகைக்குக் கீழே எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. சித்தர் எஸ். ராணி என்று தட்டியதும் அந்தக் கணக்குப் பக்கம் நூற்றுக்கணக்கான கட்டுரைகளைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டது: இவை எல்லாம் உங்களுடையவையா? சித்தரின் மஞ்சள் பூசிய விரல் 'ஆம்' என்பதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க சாமி," என்றாள். "பேர் மாத்தாம ஏத்திக் குடுங்களேன். எஸ். பஞ்சவர்ணம்னே இருக்கட்டும். உங்க சக்தி பெருசா, என் பேர் பெருசா?"

உத்தமனின் விரல் நின்றது. "அது முடியாதும்மா. அந்தப் பேர்ல நல்ல கிரகம் இல்ல."

கிரகம் இல்லாமல் இல்லை. அந்தப் பெயரில் வேறு ஆள் இல்லை. தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஓர் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. அதனால் நாட்டில் கே. குமார்கள் ஆயிரம், எஸ். ராணிகள் ஆயிரம். கணக்குப் பக்கத்துக்கு இவர்களில் யார் எவர் என்று தெரியாது, 'ஆம்' என்று தட்டினால் அத்தனை பேர் கட்டுரைகளையும் ஒருவர் கணக்கில் சேர்த்துவிடும். சித்தருக்கு இது தெரியும். இருபது வருடம் படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் கௌதமிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். எஸ். ராணியின் கட்டுரைகள் இறங்கிக்கொண்டே போயின.

"ஒரு கிளிக்தானே வர்ணா. வேலை போகாது," என்றான் அவன். குரலில் வெட்கம் இருந்தது.

பஞ்சவர்ணத்தின் விரலும் நகர்ந்தது. இல்லை என்று சொன்னால் பொய். முதல் கட்டுரையைத் திறந்தாள். வேர்க்கடலையில் வரும் இலைப்புள்ளி நோய். யாரோ ஒரு ராணி எங்கேயோ வெயிலில் நின்று, செடி செடியாகக் குனிந்து பார்த்து எழுதியிருந்தாள்.

"இவ உழைப்ப நான் எப்படிங்க எடுத்துக்கறது? நாளைக்கு எவளாவது வேர்க்கடலையப் பத்தி கேட்டா, வறுத்துத் திம்பேன்னு சொல்லவா?"

கௌதம் சிரித்துவிட்டான். வேலை போகப் போகிற வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக அவளுக்கு ஒரு யோசனையும் வந்தது.

ஆய்வுக் குழு வருவதற்கு முன்பாகச் சித்தருக்குப் பாராட்டு விழா வைத்தார் முதல்வர். கருத்தரங்கக் கூடம் நிரம்பி வழிந்தது. பூந்தமல்லியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் வேறு கல்லூரிக்காரர்கள் வந்திருந்தார்கள். உத்தமனுக்குப் பொன்னாடை போர்த்தி, "அறிவியலுக்கு அருள் சேர்த்த ஐயா" என்றார் முதல்வர். அறிவியல் அங்கே இருந்திருந்தால் எழுந்து போயிருக்கும்.

நன்றியுரை சொல்லும் பொறுப்பு பஞ்சவர்ணத்துடையது. மேடை ஏறினாள். திரையில் ஒரு கணக்குப் பக்கம் விரிந்தது. ஆர். லட்சுமி. எச்-இன்டெக்ஸ் ஐம்பத்தி இரண்டு.

கூடம் வாயைப் பிளந்தது. முதல்வரே எழுந்துவிட்டார். "யாரும்மா இவங்க? எந்த டிபார்ட்மென்ட்?"

"தினமும் நம்ம காலேஜுக்கு வர்றவங்கதான் சார். பேர்தான் இப்ப தெரியுது. அணுவப் பத்தி எழுதியிருக்காங்க, பரதநாட்டியத்தப் பத்தி எழுதியிருக்காங்க, வட்டி விகிதத்தப் பத்தியும் எழுதியிருக்காங்க. சாமிக்கு இவங்கள தெரியுமா?"

உத்தமன் மைக்கைக் கேட்டு வாங்கினார். கேட்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்.

"தெரியாம இன்னா? நம்ம கைதான். ரெண்டு மாசம் முன்ன அழுதுகினு வந்துச்சு அந்தப் பொண்ணு. அப்போ பேரு வேற. நல்ல ஓரை பாத்து நான்தான் லட்சுமின்னு வச்சேன்."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. தசரதன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். முதல்வர் பக்கத்தில் இருந்தவரிடம், "இவங்கள ஆராய்ச்சி டீன் ஆக்கிடலாம், உடனே கூப்பிடுங்க," என்றார்.

"கூப்பிட வேணாம் சார், வெளியதான் நிக்கிறாங்க," என்று பஞ்சவர்ணம் ஜன்னலைத் திறந்தாள்.

வெளியே மைதானத்தில் ஓர் எருமை நின்று, சித்தரை வரவேற்கக் கட்டியிருந்த வாழைமரத்தை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

"வெள்ளானூர் பால்காரர் ரவிச்சந்திரனோட எருமை. கூப்பிடற பேரு லட்சுமி. அப்பா யாருன்னு தெரியாததால ஓனர் பேர்ல இனிஷியல் போட்டேன். பக்கம் தொறந்தது நேத்து, செவ்வாக்கிழமை ராகு காலம். வெளக்கு ஏத்தல, எலுமிச்சம்பழம் நசுக்கல. ஆம்னு ஒரு தட்டு, அவ்வளவுதான். ஐம்பத்தி ரெண்டு வந்துடுச்சு. இதுல எருமை மடி நோயப் பத்தியும் ஒரு கட்டுரை இருக்கு. அது ஒண்ணுதான் அவங்க சொந்த அனுபவமா இருக்கும்."

முதலில் ஒரு மாணவி சிரித்தாள். பிறகு கடைசி வரிசை. பிறகு கூடம் மொத்தமும். பஞ்சவர்ணம் விடவில்லை, கே. குமாரின் பக்கத்தைத் திறந்தாள். பிரசவ வலியைப் பற்றி ஒன்று. வாத்து வளர்ப்பைப் பற்றி ஒன்று. இன்னொன்று தசரதனின் அப்பாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே அச்சாகியிருந்தது.

"போன ஜென்மத்துல எழுதியிருப்பாரு," என்று உத்தமன் கடைசியாக ஒரு வீச்சு வீசிப் பார்த்தார். சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை. பொன்னாடை தடுக்க, பக்கவாட்டுக் கதவு வழியாக அவர் போன வேகத்தை அவருடைய பழைய ஷேர் ஆட்டோக்கள்கூடப் பார்த்திருக்காது.

அடுத்த இரண்டு நாள் கல்லூரியில் ஒரே துடைப்பு வேலை. அடுத்தவர் கட்டுரைகளை எல்லாரும் திருப்பிவிட்டார்கள். குமார்கள் மறுபடியும் தசரதனும் ஞானசேகரனும் ஆனார்கள். துடைத்து முடித்துப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்று, சிலருக்கு ஒன்றுமே இல்லை. முதல்வருக்கும் ஒன்றுதான். கல்லூரியிலேயே உயரமான எண், பஞ்சவர்ணத்தின் இரண்டு. பத்துக்குக் கீழே இருப்பவர்களை அனுப்பினால் முதல்வர்தான் முதலில் கிளம்ப வேண்டும். பலகையில் ஒட்டிய தாளை அவரே வந்து கிழித்தார்.

கிழித்த கையோடு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, அந்த லட்சுமி பக்கத்த அழிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல சார்."

"இருக்கட்டும். குழு வந்துட்டுப் போற வரைக்கும் நம்ம ஸ்டாஃப்னு காட்டிக்கலாம். சராசரி நல்லா வரும்."

பஞ்சவர்ணம் உடனே போனை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே அந்தப் பக்கத்தை அழித்தாள்.

"எருமைக்கு அவமானம் சார்," என்றாள்.

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஐம்பத்தி இரண்டு வந்தபோதும் எருமை எதையும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவில்லை. 'ஆம்' என்று தட்டியதெல்லாம் படித்த விரல்கள். பெயருக்கு முன்னால் முனைவர் போட்டுக்கொள்கிறவர்களே, உங்கள் பெயரில் வந்து நிற்கும் கட்டுரையை ஒரு தடவையாவது திறந்து படியுங்கள். படிப்பதற்கும் யோசிப்பதற்கும் எந்தச் சித்தரிடமும் பெயர் மாற்றிக்கொள்ளத் தேவையில்லை.