சிரித்த பாலன்

குடிலில் மாடு இருந்தது, ஆடு இருந்தது, மாதாவும் சூசையப்பரும் இருந்தார்கள். பாலன் இயேசுவைத்தான் காணவில்லை.

ஜீவராஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தான். வைக்கோலில் ஒரு சாண் அளவுக்குப் பள்ளம் மட்டும் கிடந்தது. மேசைக்குக் கீழே, பாலனைப் போர்த்தியிருந்த பட்டுத் துணியை வாயில் கவ்விக்கொண்டு கேக்கு வாலாட்டியது.

கேக்கு என்பது நாய்க்குட்டி. நத்தார்ப் பண்டிகை அன்று மச்சான் கொண்டுவந்து கொடுத்தது. வந்த வேகத்தில் அரைவாசி நத்தார் கேக்கைத் தின்றுவிட்டுத் தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டது.

"அடப்பாவி! கடைசியில கடவுள் மேலயே கைய வச்சிட்டியா?"

பாயில் உட்கார்ந்திருந்த பாப்பா கைதட்டிச் சிரித்தாள். அவள் பாதமெல்லாம் சேறு. நெற்றியில் வேறு வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

"சேத்துக் காலோட வந்து புள்ள மேல ஏறியிருக்கு. போதாததுக்குப் பால்மா டின்னையும் தொறந்தாச்சா?" என்று நாயையும் மகளையும் சேர்த்துத் திட்டியபடி துடைத்துவிட்டான்.

தப்பு அவனுடையதுதான். இரவெல்லாம் தேயிலை ஃபேக்டரியில் வேலை. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவை நத்தார் விடுமுறைக்குப் பூட்டியிருந்ததால், பகலில் பிள்ளை அவன் பொறுப்பு. மனைவி சுதர்ஷினி ஹட்டனில் புடவைக் கடை வேலைக்குக் கிளம்பியதும், "சும்மா ஒரு நிமிஷம்" என்று சாய்ந்தான். அந்த ஒரு நிமிஷம் காலையையே விழுங்கிவிட்டது.

பாலன் என்ன, கடையில் வாங்கின பொம்மையா? வெள்ளைக்காரச் சாமியார் காலத்துச் சுரூபம். நத்தார் முடிந்தால் மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் லயத்து வரிசையில் வீடு வீடாகப் போகும். வேதக்காரர் வீடு, சைவக்காரர் வீடு என்ற பேதம் கிடையாது. ஒரு வீட்டில் சாயந்தரம் செபம் முடிந்ததும் அந்த வீட்டின் கடைசிப் பிள்ளைதான் பாலனைத் தன் கையால் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். நேற்று மேல்வீட்டுத் திலக்ஷன் அப்படித்தான் ராஜநடை போட்டுக் கொண்டுவந்தான். பாப்பா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்துத்தான் சுதர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாப்பாவுக்கு ஒன்றரை வயது தாண்டியும் நடை வரவில்லை. கிளினிக்கில் "கொஞ்சம் பொறுங்க" என்றார்கள். சுதர்ஷினிக்கா பொறுக்கும்? யாரும் கேட்டுவிடக் கூடாதென்று எங்கே போனாலும் பிள்ளையை இடுப்பிலேயே வைத்திருந்தாள். "பாலன் நம்ம வீட்டுக்கு வரட்டுங்க. அவரே எம்புள்ளைய நடக்க வைப்பாரு" என்பதுதான் இந்த மாதம் முழுக்க அவள் பேச்சு.

வந்தார். போயும் விட்டார்.

"எங்கடா ஒளிச்ச?" என்று கேக்குவின் மூக்கருகே ஒரு துண்டு கருவாட்டை நீட்டினான். கேக்கு கருவாட்டை விழுங்கிவிட்டு வெளியே ஓடியது. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு இவனும் பின்னால் ஓடினான். தண்ணீர் ஓடும் கானில் இறங்கினார்கள், தேயிலைக்குள் புகுந்தார்கள், கோழிக்கூட்டைச் சுற்றினார்கள். கடைசியில் கேக்கு ஒரு முருங்கை மரத்தடியில் பெருமையோடு தோண்டிக் காட்டியது, வீடு வீடாகச் செபம் நடத்தும் உபதேசியாரின் ஒற்றைச் செருப்பை. ஜீவராஜுக்குக் கிடைத்த மிச்ச லாபம் காலில் ஏழெட்டு அட்டை.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது.

"பாலனுக்கு வெளக்கு ஏத்துனீங்களா?" சுதர்ஷினிதான்.

"ஏத்தாம?"

"எப்புடி இருக்காரு?"

"அவருக்கென்னா... நல்லாத்தான் இருக்காரு."

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். ஜீவராஜுக்குத் தண்ணீரே இறங்கவில்லை. பொழுது வேறு சாய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் பாப்பாவின் விளையாட்டுச் சாமானுக்குள் கையை விட்டு ஒரு குண்டுப் பொம்மையை எடுத்தான். ரோஸ் கன்னம், சுருட்டை முடி. ஒரு குறைதான். சாய்த்தால் "ஹி ஹி ஹி" என்று சிரிக்கும். பேட்டரியைக் கழற்றலாம் என்றால் மூடியில் ஸ்குரூ, ஸ்குரூட்ரைவரோ ஃபேக்டரியில். வயிற்றைச் சுற்றிப் பழைய துணியை இறுக்கிக் கட்டி, கழுத்து வரை போர்த்தி, குடிலில் நேராகப் படுக்க வைத்தான். கலர் பல்புகளில் இரண்டைப் பிடுங்கி வெளிச்சத்தையும் குறைத்தான்.

உபதேசியார் வந்தார், காலில் வேறு வேறு செருப்போடு. ஜீவராஜ் அதைப் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தான். லயமே வந்து நிறைந்தது. பஸ் பிந்தியதால் மூச்சிரைக்க ஓடிவந்த சுதர்ஷினி, பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே குடிலுக்குப் போனாள்.

"என்னாங்க, பாலன இப்புடி மூடி வச்சிருக்கீங்க?"

"குளிருதுல்ல? இந்தப் பனியில நமக்கே தாங்கல."

"அட, தம்பிக்கு என்னா பக்தி!" என்றார் உபதேசியார். ஜீவராஜ் கூனிக் குறுகினான்.

செபம் தொடங்கியது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். ஒருத்தர் மூடவில்லை. மேசைக்கு அடியில் இருந்த கேக்கு, தொங்கிய விரிப்பைப் பல்லால் பிடித்து ஓர் இழு இழுத்தது. குடில் ஆடியது, வைக்கோல் சரிந்தது.

"ஹி ஹி ஹி!"

மூடின கண்ணெல்லாம் திறந்தன.

"ஹி ஹி ஹி ஹி!"

உபதேசியார் தொப்பென்று முழங்காலில் விழுந்தார். "பாலன் சிரிக்கிறாரு! முப்பது வருஷமா செபம் சொல்றேன், எங்கிட்ட ஒரு தடவகூட சிரிச்சதில்லப்பா!" பின்னால் ஒவ்வொருவராக முழங்காலிட்டார்கள். வேதக்காரர் சிலுவை போட்டார்கள், சைவக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வாசலில் நின்றவர்கள் ஃபோனில் செய்தியை அனுப்ப, கீழ் லயத்திலிருந்து டோர்ச் வெளிச்சங்கள் மலையேறி வரத் தொடங்கின.

ஜீவராஜுக்கு அங்கேயே நிலம் பிளந்து விழுங்கிவிடாதா என்று இருந்தது. ஆனால் சிரிப்பு இன்னும் நிற்கவில்லை, அதற்குள் சுதர்ஷினி அழத் தொடங்கிவிட்டாள்.

"பார்த்தீங்களா? எம்புள்ளையப் பார்த்துத்தாங்க சிரிக்கிறாரு. இனிமே அவ நடப்பாங்க. கட்டாயம் நடப்பா!"

அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவனால் முடியவில்லை. உபதேசியாரிடம் அடி வாங்கலாம், லயத்தில் தலைகுனிந்து நடக்கலாம். இவளை மட்டும் ஏமாற்ற முடியாது.

"சுதா, அது பாலன் இல்ல." துணியை உருவினான். ரோஸ் கன்னக் குண்டுப் பொம்மை எல்லாரையும் பார்த்துப் பல்லை இளித்தது. "நான் தூங்கிட்டேன். நாய் பாலனத் தூக்கிட்டுப் போயிருச்சு. மலையெல்லாம் தேடிட்டேன், கெடைக்கல."

"அவ்வளவு ஒசரத்துக்கு இந்தக் குட்டி எப்புடிய்யா எட்டும்?" என்றார் உபதேசியார். அதற்குள் கேக்கு அவர் காலடிக்கு வந்து, போட்டிருந்த செருப்பையும் மோந்து பார்த்தது.

சுதர்ஷினி பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள். திட்டியிருந்தால்கூட ஜீவராஜ் தாங்கியிருப்பான்.

கூட்டத்துக்குப் பின்னால் ஒருத்தி வெகு நேரமாகத் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு நிஷாந்தி. போன மாதம்தான் அக்கரப்பத்தனையிலிருந்து கல்யாணமாகி வந்த புதுப்பெண். பெரியவர்கள் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்க மாட்டாள். கையில் ஒரு தட்டு நிறைய அவித்த கடலை.

"அண்ணே," என்றாள் மெதுவாக, "பாலன் எங்க வீட்டுலதானே இருக்காரு? முருகன் பக்கத்துல வச்சு வெளக்கேத்திட்டு, நீங்க எல்லாரும் அங்க செபத்துக்கு வருவீங்கன்னு கடலைகூட அவிச்சு வச்சிருக்கேன். இங்க இந்த முறைதானேன்னு வாங்கிக்கிட்டு, திருநீறு பூசி, திரும்ப இந்த வாசல் வரைக்கும் பின்னாலயே வந்து விட்டுட்டுத்தான் கொழுந்து பறிக்கப் போனேன். காலையில பாப்பாதானே நடந்து வந்து அவர எங்கையில குடுத்துச்சு!"