அம்மா வீட்டு வளைவு

பாப்பாவின் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே இதைச் சொல்கிறேன். அடியில் இருப்பது மேலே தெரியக் கூடாது. அதனால் நிதானமாக அடுக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் காரை ஓட்டுவது வீட்டுக்காரர். எங்கே போவது என்று முடிவு செய்வதும் அவர்தான். எப்போதும் அவருடைய அக்கா வீடுதான். வழியில் என் அம்மா ஊருக்குத் திரும்புகிற வளைவு வரும். அங்கே மட்டும் வேகத்தைக் கூட்டுவார். காரணம் என் அண்ணன். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். ஒருநாள் வாய் தவறி, "மாப்ள, உங்களுக்கு வண்டி ஓட்டத்தான் தெரியுது, பாத்துக்கத் தெரியல" என்றுவிட்டான். அன்றோடு சரி. அம்மா இடுப்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறாள். பேத்தியை அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

இந்தக் குளிர்காலத்திலும் கிளம்பினோம், அக்கா வீட்டுக்கு.

"என்னங்க, கீழ கடகடன்னு சத்தம் கேக்குது."

ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

"இப்ப கேக்குதா?"

"இல்ல."

"பாத்தியா, சரியாயிடுச்சு."

வளைவு போயிற்று. அதைத் தாண்டி, ரோடே தெரியாமல் பனி மூடிக் கிடந்த இடத்தில், ஸ்டியரிங் பம்பரமாகச் சுற்றியது. சக்கரம் தன் பாட்டுக்கு நேராகப் போய் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கியது. பனிக்குப் பயந்து மெதுவாக வந்ததால் பிழைத்தோம்.

"பாப்பாவ சீட்ல விட்டுட்டு இறங்கு. நீ டயரை உதைச்சுத் திருப்பு. எந்தப் பக்கம்னு நான் சொல்றேன்."

"உள்ள உக்காந்தா?"

"வெளிய குளிருதுல்ல?"

உதைத்தேன். யாரை நினைத்து உதைத்தேன் என்பது எனக்கும் டயருக்கும்தான் தெரியும்.

அக்காவுக்குப் போன் போட்டார். "இந்தப் பனியில யாருடா வருவா? விடியட்டும்" என்று வைத்துவிட்டாள்.

"உங்கண்ணன கூப்பிடலாம்னு நினைக்காத. அவன் கை என் வண்டியில படக் கூடாது."

பாப்பாவின் விரல்கள் ஐஸாகிவிட்டன.

"அப்ப நான் இவளத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்கு நடக்கறேன்" என்றேன். அவரைக் கேட்காமல் நானாக ஒன்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் போனை நீட்டினார்.

அண்ணன் இழுவை வண்டியோடு வந்து காரைத் தூக்கி மாட்டினான். அவன் வண்டியில் இவர் எனக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்தார். வளைவு வந்தது. இவர் கால் தரையை அழுத்திற்று. வண்டி கேட்கவில்லை, திரும்பிவிட்டது.

"ஸ்டியரிங் ஜாயிண்ட் போச்சு மாப்ள. பனியில சாமான் வர நாளாகும்" என்றான் அண்ணன்.

சாமான் மறுநாளே வந்துவிட்டது. அப்போது பாப்பா என் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கையை நீட்டினேன்.

அன்றிலிருந்து இவர் புலம்புகிறார். "ஒரு இரும்புத் துண்ட வரவழைக்கத் தெரியல, இவன் எல்லாம் மெக்கானிக்கு."

"ஆமாங்க" என்கிறேன்.

இதோ கூப்பிடுகிறார். பாப்பா நனைத்துவிட்டாளாம், துணி கொண்டு போக வேண்டுமாம். கையெட்டும் தூரத்தில் பெட்டி இருந்தாலும் அவராக எடுக்க மாட்டார். பெற்ற நாள் முதல் ஒரு தடவைகூட இதைத் திறந்ததில்லை. அந்தத் தைரியத்தில்தானே நான் அந்த இரும்புத் துண்டை இதற்குள் ஒளித்து வைத்தேன்.