சிங்கக்கால் கட்டில்

நாற்காலி வாங்கப் போய், கடைசிவரை அதில் உட்கார்ந்தே பார்க்காமல் வாங்கிவரும் மனித இனம் ஒன்று நம் சென்னப்பட்டணத்தில் இருக்கிறது. மாம்பலத்தில் புது வீடுகள் எழும்ப எழும்ப இந்த இனமும் பெருகுகிறது. அடையாளம் சொல்கிறேன், கேளுங்கள். மவுண்ட் ரோட்டு ஏலக் கடைக்குள் நுழைந்ததும் நாலடி பின்னால் நகர்வார், தலையை ஒருபக்கம் சாய்ப்பார், ஒரு கண்ணைச் சுருக்குவார், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் "அடடா, இழைப்பைப் பாருங்கள்" என்பார். உட்கார்ந்தால் முதுகு வலிக்குமா? மூட்டைப்பூச்சி அண்டுமா? வாசல் வழியாக நுழையுமா? இதெல்லாம் அவருக்குச் சில்லறை விஷயம். வீட்டில் ஒன்பது பேர் இருப்பார்கள். அவர் சாமான் வாங்குவது பத்தாவது ஆளுக்கு, என்றைக்கோ ஒரு நாள் வந்து, கூடத்தில் நின்று, "பேஷ்" என்று சொல்லிவிட்டுப் போகப்போகிற விருந்தாளிக்கு.

இவ்வளவு நுட்பமாக எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று இந்த இனத்தில் ஒருவருக்குத் தாடி ஒதுக்கிவிடுகிறேன். பெயர் ஷரஃபுதீன். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் வீடு, தோல் மண்டியில் கடிதம் எழுதும் உத்தியோகம்.

என் ரசனைக்கு வீட்டில் சாட்சிகள் உண்டு. பளிங்கு மேஜை ஒன்று இருக்கிறது. கறை படுமென்று அதன்மேல் யாரும் தேநீர்க் கோப்பை வைக்கக் கூடாது. தொப்பி மாட்டுகிற ஸ்டாண்டு ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் தொப்பியைக் கழற்றுகிற வழக்கம் யாருக்கும் இல்லை. என் மனைவி ஹமீதுன்னிசா எதிர் இனம். எந்தச் சாமான் வந்தாலும் முதலில் கவிழ்த்துப்போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பாள்.

போன புரட்டாசியில் மகள் ஜஹனாரா தலைப்பிரசவத்துக்காக ஆம்பூரிலிருந்து வந்தாள். மழைக்காலத்தில் எங்கள் வீட்டுத் தரையில் ஓதம் ஏறும். பிள்ளை பெறப்போகிறவள் அதில் படுக்கக் கூடாது. தச்சர் பக்கிரியிடம் சொன்னால் ஒரே வாரத்தில் நாடாக் கட்டில் ஒன்று செய்துவிடுவார். காரியம் அவ்வளவுதான். மனைவி ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்தாள். அந்த முடிச்சு வரைக்கும்தான் கட்டிலின் உயரம், உட்கார்ந்தால் மகளின் பாதம் தரையில் பட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள்.

பக்கிரியின் பட்டறைக்குத்தான் புறப்பட்டேன். வழியில் டிராம் வந்தது. அது மவுண்ட் ரோட்டுக்குப் போனால் என் குற்றமா?

சீமைக்குத் திரும்பும் ஒரு துரையின் சாமான்கள் அன்று ஏலத்துக்கு வந்திருந்தன. நடுவில் அந்தக் கட்டில் நின்றது. தோதகத்தி மரம், நாலு மூலையிலும் திராட்சைக்கொடி சுற்றிய தூண்கள், கீழே, நகம் முதற்கொண்டு செதுக்கிய நாலு சிங்கக்கால்கள். நாலடி பின்னால் போனேன், யாருடைய காலையோ மிதித்தேன், மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கட்டில் என் இடுப்பளவு உயரம் இருந்தது. கயிறு சட்டைப்பையிலேயே இருந்தது. அதை நான் உபயோகிக்காமல் விடவில்லை. வண்டியில் வரும்போது சிங்க நகம் உரசிவிடக் கூடாதென்று வைக்கோல் சுற்றி, அந்தக் கயிற்றால்தான் கட்டினேன்.

மனைவி அந்தக் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். "அழகாத்தான் இருக்குங்க. யாரு ஏறிப் படுக்கறது?" என்றாள். முக்காலி போட்டு ஏறலாம் என்றேன்.

ஒரு வாரம் தெருவே வந்து பார்த்தது. ஒவ்வொருவருக்கும் திராட்சைக்கொடியில் எத்தனை குலை என்று எண்ணிக் காட்டினேன். ஜஹனாரா மட்டும் பக்கத்தில் ஈரத் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். பார்த்தேன், பார்த்தும் பார்க்காதவனாக இருந்தேன்.

நொச்சிக்குப்பத்து மருத்துவச்சி தேவானை வந்து, கட்டிலை அண்ணாந்து பார்த்தாள். "இன்னா சாயபு, கட்டிலா கீது, பரணா கீது? பெத்தவ நாப்பது நாளும் இதும்மேலயா ஏறி எறங்கிக்கினு இருப்பா?" என்றாள். ரசனை இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டேன். போகிறபோது மகளிடம், ஈரத் தரையில் படுத்தால் ஜன்னி கண்டுவிடும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலையே, தேவானை சொன்னதால் தரையில் படுக்கப் பயந்து, மகள் முக்காலியில் கால் வைத்தாள். முக்காலி வழுக்கியது. தூணைக் கட்டிப் பிடித்துத் தொங்கினாள். மனைவி பாய்ந்து போய்த் தாங்கிக்கொண்டாள்.

நான்? நானும் ஓடினேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் கண் முதலில் போனது தூணில் அவள் வளையல் உரசிய இடத்துக்கு. ஜஹனாரா அதைப் பார்த்துவிட்டாள்.

"பயப்படாதீங்க அத்தா," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. "கட்டிலுக்கு ஒண்ணும் ஆகல."

அவள் குத்திக்காட்டவில்லை. என்னைத் தேற்றினாள். வெட்கத்தில் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினேன்.

நான் போய்க் கூப்பிட்டதும் பக்கிரி ரம்பத்தோடு வந்தார். சிங்கக்காலைத் தடவிப் பார்த்தார். "அறுத்தா அப்பால ஒட்ட முடியாது சாயபு. ரோசனை பண்ணிச் சொல்லு."

பாதி அடி விட்டு அறுத்தால் சிங்கத்தின் முழங்காலாவது மிஞ்சுமா என்று கேட்கலாமா என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து மனைவியின் கை மட்டும் முடிச்சுப்போட்ட கயிற்றை நீட்டியது.

"ரோசனை முடிஞ்சிடுச்சு," என்றது குரல். "இந்த அளவுக்கு அறுங்க."

அன்று ஜஹனாரா கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி வைத்துப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நாலென்ன, நாற்பது சிங்கத்தின் காலையும் அறுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மனமாரச் சொல்கிறேன். அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

இப்போது குழந்தையைப் பார்க்க விருந்தாளிகள் வருகிறார்கள். உள்ளே அழைத்துப் போகும் முன் அவர்களைக் கூடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்திவைக்கிறேன். அங்கே பளிங்கு மேஜைமேல், பட்டுத்துணி விரித்து, அந்த நாலு கால்களையும் வரிசையாக வைத்திருக்கிறேன். நாலடி தள்ளி நின்று பார்க்கச் சொல்கிறேன். குழந்தை உள்ளே அழுதால், "இதோ, ஒரு நிமிஷம்" என்கிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நீங்கள் அந்த இனம் இல்லைதான். ஒன்று மட்டும் கேட்கிறேன்: இதை எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள்? உங்கள் வீட்டிலேயே நல்ல நாற்காலியிலா, அல்லது அதில் தூசி படாமல் துணி போட்டு மூடிவிட்டு, அதற்கு எதிரே தரையிலா?