அசல் அண்ணனின் ஊட்டிப் பயணம்

காரைக்குடியில் வங்கி மேலாளர்களே பார்த்துப் பயந்த ஒரே கடன்காரர் எங்கள் அசல் அண்ணன்தான். மற்றவர்கள் தவணை கட்டாமல் பயமுறுத்துவார்கள். இவர் கட்டிக் கட்டியே பயமுறுத்தினார்.

அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. செக்காலைப் பக்கம் வீடு கட்ட இருபது வருடக் கடன் வாங்கியிருந்தார். சம்பளம் வந்ததும், தவணை போக மிஞ்சியதைத் தூக்கிக்கொண்டு வங்கிக்கு ஓடுவார். "இதை அசல்ல வைங்க. வட்டிக்குன்னு எடுத்துறாதீக!" என்று அவர் போடும் சத்தம் வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர்களுக்கே கேட்கும். பெயர் அப்படி வந்ததுதான்.

ஒருமுறை புதிதாக வந்த மேலாளர், "சார், நீங்க ஒழுங்காக் கட்டுறதால இன்னொரு கடன் தர்றோம்" என்று ஆசையாகச் சொல்லிவிட்டார். அண்ணன் எழுந்து ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. மறுநாள் நான்தான் போய் வாங்கி வந்தேன்.

வீட்டுக்குச் சுவர் இருந்தது, பூச்சு இல்லை. வேலை முடியாத கட்டடம் என்று நினைத்துத் தபால்காரர் பக்கத்து வீட்டில் கடிதம் கொடுத்துவிட்டுப் போவார். தீபாவளி போனஸ் வந்தால் நாங்கள் ஜவுளிக்கடைக்குப் போவோம், அண்ணன் வங்கிக்குப் போவார். டீக்கடைக்குக் கூப்பிட்டால், "நீங்க குடிங்க தம்பி, நான் வாசம் பிடிச்சுக்கிறேன்" என்பார். சொன்னபடியே பக்கத்தில் நின்று மூச்சை இழுத்துக்கொள்வார்.

சிரித்தோம். ஆனால் காரணமும் எங்களுக்குத் தெரியும். தேவகோட்டையில் அவருடைய அப்பா கடனுக்கு வீட்டைப் பறிகொடுத்தவர். சட்டி பானையெல்லாம் தெருவில் கிடக்க, ஊரே நின்று வேடிக்கை பார்த்ததாம். "என் பிள்ளைக்கு அந்த நெலமை வரக்கூடாது தம்பி" என்பார். அப்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

பிள்ளை என்றது அவருடைய ஒரே மகள் கயலை. வருடா வருடம் பள்ளிக்கூடத்தில் ஊட்டிக்குச் சுற்றுலா போவார்கள். வருடா வருடம் அவள் கேட்பாள். "லோன் முடியட்டும்த்தா, நாம குடும்பத்தோட போவோம்" என்பார். எட்டாம் வகுப்பில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அண்ணன் அலுவலகம் முழுக்கப் பெருமையாகச் சொன்னார்: "என் பிள்ளைக்கு வெவரம் வந்துருச்சு! இந்த வருசம் வாயே தொறக்கலையே!"

பாதிக் காலத்திலேயே கடனை அடைத்துவிட்டார். பத்திரத்தை வாங்கிக்கொண்டு என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தபோது, அதைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தார். "பள்ளம் பாத்து ஓட்டுங்க தம்பி!" என்று வழியெல்லாம் கத்தினார். அன்று எங்கள் எல்லாருக்கும் அவர் செலவில் டீ. அவரும் குடித்தார். நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

மறுநாளே ஊட்டிக்குக் கார் பேசினார். மூன்று ஸ்வெட்டர் வாங்கினார். பெங்களூரில் வேலைக்குப் போய்விட்ட கயலுக்கு என் முன்னால்தான் ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"ஏத்தா, லோன் முடிஞ்சிருச்சு! ஊட்டிக்குப் போறோம், லீவு சொல்லிட்டு வா!"

"அப்பா, போன மாசந்தான் எங்க ஆபீஸ்ல ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போனாக. நீங்களும் அம்மாவும் போய்ட்டு வாங்க. குளிரு ஒத்துக்காது, அம்மாவுக்குக் காதுல பஞ்சு வைக்கச் சொல்லுங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபித்திருந்தால் அண்ணனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். போனை வைத்துவிட்டு, ஸ்வெட்டர் ஒன்றை என்னிடம் நீட்டினார். "கார் பேசியாச்சு. நீங்க வாங்க தம்பி."

அது பெண்கள் ஸ்வெட்டர். ரோஸ் நிறம். கை முழங்கைக்குக் கீழே இறங்கவில்லை. போட்டுக்கொண்டுதான் போனேன்.

ஊட்டி ஏரிக்கரையில் தொப்பி போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாகக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மனைவி, எங்கள் மதினி, படகைப் பார்க்கவில்லை. "அவ சின்னதுல அடம்பிடிச்சு அழுதிருந்தாக்கூட ஆறிப்போயிருக்கும். இப்பவும் எதுவும் வேணாங்கிறா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

அண்ணன் ஒரு சின்னப் பெண்ணின் முன்னால் போய்க் குனிந்தார்.

"ஒங்கப்பா அனுப்பி வச்சாராத்தா?"

"ஆமா அங்கிள்."

"நல்ல மனுசன்" என்றார். அந்தப் பிள்ளை ஓடிப்போன பிறகும் அங்கேயே குனிந்தபடி நின்றார். நான்தான் தோளைத் தொட்டு நிமிர்த்த வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது திண்டுக்கல் தாண்டியதும், அண்ணன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். தோள் மரத்துப்போனது. காரைக்குடி வருகிற வரை நான் அசையவில்லை.